பைகளுக்குக் காவலிருந்த அக்கா

"அவ நல்ல மனுசி, ஸ்பெயினிலைதான் ஏதோ பேய் பிடிச்சமாதிரி நடந்துபோட்டா" என்று இனி யாராவது என் காதுபட அக்காவைப் பற்றிச் சொன்னால் நான் சும்மா இருக்கமாட்டேன். இத்தாலியின் தெற்கே இந்தப் பலெர்மோவில் நாலு தமிழர் கூடுகிற இடத்தில் அவரைப் பற்றிய கதை வந்தால் இப்படித்தான் முடிகிறது. நல்ல மனுசியாம். ஒரு சோலி சுரட்டுக்கும் போகமாட்டாவாம். அந்த நல்ல மனுசியை நாங்கள் என்ன வேலைக்கு வைத்திருந்தோம் என்று மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. பை பார்க்கிற வேலைக்கு வைத்திருந்தோம்.

அவர் என் கூடப்பிறந்த அக்கா அல்ல. கபோ சந்தைக்குப் பின்னால் உள்ள பழைய கட்டடத்தில் எங்களுக்கு மேல் மாடியில் குடியிருந்தவர். யாழ்ப்பாணத்தில் எங்கள் இரண்டு பேருடைய ஊரும் அடுத்தடுத்த ஊர். அதனால் அவர் அக்கா, அவருடைய மனுசன் அத்தான். அக்காவுக்கு ஒரு வயதான சிஞோராவை, இத்தாலிய வீட்டுக்கார அம்மாவை, பார்க்கிற வேலை. அத்தானுக்கு சியாகுல்லியில் மண்டரின் தோடம்பழத் தோட்டத்தில் வேலை. இப்போது இரண்டு பேரும் மகளோடு இத்தாலியின் வடக்கே போய்விட்டார்கள். மேல் மாடியில் வேறு ஆட்கள்.

பை பார்க்கிற வேலை என்றால் என்னவென்று வெளியாட்களுக்கு விளங்காது. இந்த நகரத்தில் ஸ்கூட்டரில் வந்து கைப்பையைப் பிடுங்கிக்கொண்டு போவார்கள். சங்கிலி போனால் அழுதுவிட்டு விடலாம். பெர்மெஸ்ஸோ போனால்? இந்த நாட்டில் இருக்கலாம் என்று தந்த அட்டை அது. அது தொலைந்தால் குவெஸ்தூராவில் பொலிஸ்காரனுக்கு முன்னால் முதலிலிருந்து வரிசையில் நிற்கவேண்டும். ஆகவே எங்கள் ஆட்கள் கூட்டமாக எங்கே போனாலும் எல்லோருடைய அட்டை, பாஸ்போட், கழற்றின நகை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு ஒரு ஆளின் மடியில் வைத்துவிடுவார்கள். எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டால் எல்லாம் ஒரேயடியாகப் போகுமே என்று ஒருவருக்கும் தோன்றுவதில்லை. பூட்டின பெட்டியில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. பூட்டின பஸ்ஸிலும் இல்லை. ஒரு மனுசி அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குந்தியிருந்தால்தான் நிம்மதி.

அந்த மனுசி எப்போதும் அக்காதான். எப்படித் தொடங்கியது என்று தெரியாது. அத்தான் எப்போதோ ஒரு நாள் "இவள் வடிவாப் பாப்பாள்" என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான், ஆயுள் உத்தியோகம்.

மொண்டெல்லோ கடற்கரையில் நாங்கள் எல்லோரும் முழங்கால் தண்ணீரில் நின்று கத்துவோம். அக்கா குடைக்குக் கீழே பைகளுக்கு நடுவில் இருப்பார். என் மகள் ஓடிப்போய் "பெரியம்மா, வியெனி, வாங்கோ, காலை மட்டும் நனையுங்கோ" என்று இழுப்பாள். "நீங்கள் போட்டு வாங்கோ, நான் இதுகளைப் பாக்கிறன்" என்பார். அதுதான் அவருடைய வசனம். முகத்தில் ஒரு சலிப்பு இருக்காது. ஒவ்வொரு பையின் சிப்பையும் விரலால் தடவி மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே சொல்வார்.

பெல்லெகிரீனோ மலையில் ரோசாலியா மாதாவின் குகைக்கோயில் இருக்கிறது. சைவக்காரர் வேதக்காரர் என்று பார்க்காமல் பலெர்மோத் தமிழர் எல்லோரும் ஏறுவோம். உள்ளே பாறையிலிருந்து தண்ணீர் சொட்டும், அதைத் தகரப் பீலி வைத்து வழியவிட்டிருப்பார்கள். அக்கா அந்த மலைக்கு வருடாவருடம் ஏறினார். குகைக்குள் ஒருநாளும் போகவில்லை. வாசலில் எங்கள் செருப்புகளுக்கும் பைகளுக்கும் காவல். "ஒருக்கால் உள்ளை போட்டு வாங்கோ அக்கா, நான் நிக்கிறன்" என்று கேட்டால், "நான் இதிலை நிண்டே மனசாலை கும்பிட்டிட்டன்" என்பார். மனதால் கும்பிடுவதென்றால் வீட்டிலேயே இருந்து கும்பிடலாமே, எதற்கு அந்த வெயிலில் மலை ஏறவேண்டும்?

கலியாண வீட்டில் தாலி கட்டுகிற நேரம் அவர் நடையில் பரிசுப் பைகளோடு இருப்பார். மேளச்சத்தம் கேட்டதும் அங்கிருந்தே கைகூப்புவார். திரும்பி வருகிற பெண்டுகள் "சாப்பிட்டாச்சோ அக்கா?" என்று கேட்பார்கள். ஆகா, என்ன கரிசனை!

ஒருநாள் எனக்குப் பத்திக்கொண்டு வந்துவிட்டது. "உங்களுக்குக் கோபமே வராதோ?" என்று நேராகவே கேட்டேன்.

"ஆரோ ஒராள் இருக்கத்தானே வேணும், பிள்ளை."

"அந்த ஆரோ ஒராள் ஏன் எப்பவும் நீங்களாக் கிடக்கு?"

சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கண்டால் எனக்கு இன்னும் எரியும்.

இனி ஸ்பெயின் கதைக்கு வருகிறேன். ஓகஸ்டில் சிஞோராமார் கடற்கரை வீடுகளுக்குப் போகிற கிழமை எங்களுக்கு லீவு. எங்களுக்குள் ஒரு அண்ணை அந்தக் கிழமைக்குச் சுற்றுலா ஒழுங்கு செய்வார். ரூர் அண்ணை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அந்த முறை ஸ்பெயின். கடைசி நாள் தெற்கே ஒரு மலைக்கிராமம். வட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தார், அவருடைய வழக்கமான சந்தைக் குரலில்: "மலை முழுக்க வெள்ளை வெள்ளையா வீடுகள். ஊத்துத் தண்ணி குடிக்கலாம். ஒலிவ் எண்ணெய் ஆட்டுற இடம் பாக்கலாம். ஆட்டுப்பால் சீஸ் வாங்கலாம். உச்சியிலை அரபிக்காரர் கட்டின கோட்டை. வெளிப்பான நாளெண்டால் அதிலை நிண்டு பாக்க ஆபிரிக்கா தெரியும்!"

அன்று பின்னேரம் அக்கா எங்கள் கதவைத் தட்டினார். தானாக வந்து எதையும் கேட்கிற ஆள் அல்ல. உள்ளே வந்து இருக்கவும் இல்லை.

"ஆபிரிக்கா தெரியுமாமே, மெய்யே?"

"அப்பிடித்தான் அண்ணை சொல்லுறார்."

"அப்ப நானும் வாறன்."

பிறகுதான் சொன்னார். அவருக்கு ஒரு தம்பி இருந்தது எங்களுக்குத் தெரியும், காணாமல் போனதும் தெரியும். ஐரோப்பாவுக்குக் களவாக ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் அந்தப் பெடியனை ஆபிரிக்காவைச் சுற்றிக் கொண்டுவந்து மொறோக்கோக் கரையில் விட்டிருக்கிறான். அங்கிருந்துதான் கடைசி ரெலிபோன் வந்ததாம். "அக்கா, எதிர்க்கரையிலை ஸ்பெயின் தெரியுது. மலையிலை வெள்ளையா வீடுகளெல்லாம் தெரியுது. நாளைக்கோ நாளையிண்டைக்கோ அங்கை நிப்பன்" என்றானாம். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. படகு ஏறினானா, ஏறவில்லையா, ஒருவருக்கும் தெரியாது.

"அவன் அங்கை நிண்டு இஞ்சாலை பாத்தவன், பிள்ளை" என்றார் அக்கா. "நான் இஞ்சாலை நிண்டு ஒருக்கால் அங்கை பாக்கவேணும். எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்."

அடுத்த நாளே ரூர் அண்ணையிடம் போய்ச் சொன்னேன். "ஓம் ஓம் தங்கச்சி, கட்டாயம். அதுக்குத்தானே போறம்" என்றார். கதை பரவிவிட்டது. விமானத்தில் பெண்டுகள் அக்காவின் கையைப் பிடித்துப் "பாவம் அக்கா" என்றார்கள். இதை நான் ஏன் சொல்கிறேன் என்றால், எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பிறகு ஒருவரும் தெரியாது என்று சொல்லக்கூடாது.

அந்தக் கிராமத்தின் அடிவாரச் சதுக்கத்தில் பஸ் எங்களை இறக்கியது. அங்கே பஸ் நிறுத்தி வைக்க இடமில்லை, டிறைவர் பின்னேரம் வந்து ஏற்றுவதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஆகவே எல்லாப் பைகளும் கீழே. பைகள் மட்டுமா? கோழிக்கறிச் சட்டி, புட்டுப் பெட்டி, சம்பல், கடதாசிக் கோப்பை, பாய். ஸ்பெயினில் சாப்பாடு கிடையாதென்று எங்களுக்கு யாரோ சொல்லிவிட்டார்களாக்கும்! ஊற்றுத் தொட்டிக்குப் பக்கத்தில் மரநிழலில் பாயை விரித்தார்கள்.

நான் மகளுக்குக் கழிப்பறை கேட்டுப் பக்கத்து பாருக்குப் போனேன். நான் இத்தாலியனில் கேட்டேன், அந்தப் பெண் ஸ்பானிஷில் சொன்னாள், இரண்டு பேருக்கும் விளங்கியது. போகும்போது அவளே கூப்பிட்டு, கோட்டைக்குப் போவதென்றால் இப்போதே போங்கள், மத்தியானத்துக்குப் பிறகு கிழக்குக் காற்று எழும்பினால் மேகம் வந்து கடலை மூடிவிடும், ஒன்றும் தெரியாது என்றாள்.

ஓடிவந்து சொன்னேன். "அண்ணை, முதல் கோட்டைக்குப் போவம். அக்கா பாத்தபிறகு மிச்சத்தைப் பாப்பம்."

"வெறும் வயித்தோடை அந்த ஏத்தம் ஏறேலாது தங்கச்சி. முதல் சாப்பிடுவம்."

சாப்பிட்டோம். பரிமாறியது யார் என்று சொல்லவேண்டுமா? சாப்பிட்டு முடிய, எண்ணெய் ஆட்டுகிற இடத்தை மத்தியானத்தோடு பூட்டிவிடுவார்களாம், முதலில் அங்கே போகவேண்டுமாம். போய் அந்தப் பெரிய கல்லுருளையைச் சுற்றி நின்று படம் எடுத்தோம். பாணில் எண்ணெய் தொட்டுத் தந்தார்கள், தின்றோம். பிறகு சீஸ் கடை. பிறகு தேவாலயம். பிறகு ஒரு வீதியில் வாசல் முழுக்கப் பூச்சட்டி தொங்கவிட்ட வீடு, அதற்கு முன்னால் ஒவ்வொரு சோடியும் தனித்தனியாக நின்று படம். நான் வாய் ஓயாமல் "கோட்டை, கோட்டை" என்று கத்திக்கொண்டிருந்தேன். "உவளொருத்தி" என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. அக்கா இவற்றில் ஒன்றும் பார்க்கவில்லை. தொட்டியடியில் சட்டி கழுவி, கவிழ்த்து வைத்து, பைகளோடு இருந்தார். நான் இடையில் ஓடிப்போய்க் கூப்பிட்டேன். "எல்லாரோடையும் சேந்து வாறன் பிள்ளை, தனியப் போனால் நல்லா இருக்காது" என்றார்.

கடைசியாகக் கோட்டைக்குக் கூட்டம் புறப்பட்டது. என் மகள் எல்லோருக்கும் முந்தி அந்த ஒழுங்கையில் ஓடிவிட்டாள். ஏணி மாதிரியான ஏற்றம். அவளைப் பிடிக்க நான் ஓடினேன். பின்னால் அத்தானோடு அக்கா வருகிறார் என்றுதான் நினைத்தேன். நினைக்கமாட்டேனா? அதற்காகத்தானே அந்த மனுசி வந்தது!

மேலே இடிந்த சுவரும் முள்ளுச்செடியும்தான். பெரிய கழுகுகள் எங்கள் காலுக்குக் கீழே வட்டம் போட்டன. சுவர் ஓரத்துக்குப் போய் நிமிர்ந்தேன். கடல். கடலுக்கு அந்தப் பக்கம் நீலமாக மலைகள், ஒன்றுக்குப் பின்னால் ஒன்று, மடிப்புக்கூடத் தெரிந்தது. இவ்வளவு கிட்டவா? அந்தப் பெடியன் பொய் சொல்லவில்லை. நாளைக்கு அங்கே நிற்பேன் என்று அவன் நம்பித்தான் சொல்லியிருப்பான்.

திரும்பிப் பார்த்தேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ரூர் அண்ணை கையை நீட்டி, "அந்தா ஆபிரிக்கா! வடிவாப் பாருங்கோ!" என்று தானே வரைந்து வைத்ததுபோலக் காட்டிக்கொண்டிருந்தார். அத்தானும் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், அக்கா எங்கை?"

"கீழை. பையளைப் பாத்துக்கொண்டு நிக்கிறா."

"என்ன விசர்க்கதை கதைக்கிறியள்? அவ இதைப் பாக்கத்தானே வந்தவ!"

"பாஸ்போட் எல்லாம் கிடக்கே, ஆரோ நிக்கத்தானே வேணும். நான் வீடியோ எடுத்திருக்கிறன். வடிவா விழுந்திருக்கு. காட்டுறன் அவவுக்கு."

வீடியோ எடுத்திருக்கிறாராம். ஒரு அறை விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், அத்தானாகப் போய்விட்டார். மகளை அவர் பக்கம் தள்ளிவிட்டு அந்த ஏற்றம் முழுக்க நான் இறங்கி ஓடினேன். வழியில் கால் சறுக்கி முழங்கை உரசிக்கொண்டது.

அக்கா மரத்தடியில் இருந்தார். பாஸ்போட் பை மடியில்.

"எழும்புங்கோ. போங்கோ மேலை. இப்ப நல்ல வெளிப்பு. தெரியுது அக்கா, மலை தெரியுது."

"தெரியுதோ?" என்றார். முகம் அப்படியே மலர்ந்தது. உடனே சுற்றிலும் பார்த்தார். "இதுகளை..."

நான் பைகளுக்கு மேலே ஏறிக் குந்திவிட்டேன். மடியிலிருந்த பையைப் பிடுங்கி என் கழுத்தில் மாட்டினேன். "இனிக் கதைச்சால் எனக்குக் கெட்ட வாய்தான் வரும். ஓடுங்கோ!"

போனார். சேலைக் கரையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்த வயதில் அந்த ஏற்றத்தில் ஓட்டமும் நடையுமாகப் போனார். இறங்கி வந்த எங்கள் ஆட்கள் அவருக்கு வழி விட்டு ஒதுங்கினார்கள். ஒருவராவது திரும்பி அவரோடு கூடப் போனார்களா? இல்லை. அத்தான்கூட இல்லை. "கெதியா வாரும், பஸ் வரப்போகுது" என்று மட்டும் சொன்னார்.

அவர் ஒழுங்கை வளைவில் மறைந்து கொஞ்ச நேரத்தில் பாய் படபடவென்று அடித்தது. கடதாசிக் கோப்பைகள் உருண்டு ஓடின. பார்க்காரப் பெண் வாசலில் வந்து நின்று மேலே பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போனாள். மலைமுகட்டைத் தாண்டி வெள்ளையாக ஒன்று வழிந்து இறங்கியது. கோட்டை பாதியாகி, பிறகு இல்லாமல் போனது.

பஸ் வந்து ஹோர்ன் அடித்தது. ரூர் அண்ணை பதறினார். "டிறைவர் நிக்கமாட்டானாம், ஆள் எங்கை?" நிற்பான், நிற்காவிட்டால் நான் ரயருக்கு முன்னால் படுப்பேன் என்றேன். நின்றான்.

அக்கா இறங்கி வந்தார். தலைமயிரில் ஈரம்.

"என்னக்கா?"

"வெள்ளையாக் கிடந்தது."

"ஒண்டும் தெரியேல்லையோ?"

"சுவர் தெரிஞ்சது."

பஸ் புறப்பட்டது. அடுத்த நாள் காலை விமானம், இனித் திரும்பி வர வழியில்லை. பஸ்ஸுக்குள் எல்லோரும் ஒரே குரலில், "பாவம் அக்கா, அடுத்தமுறை வருவம்." எனக்கு அழுகையாகவும் வந்தது, ஆத்திரமாகவும் வந்தது. அத்தான் போனை எடுத்து நீட்டினார். "இந்தாரும், பாரும். வடிவாத் தெரியுது."

அக்கா அதை வாங்கவில்லை. எழுந்து, ஓடுகிற பஸ்ஸின் நடுவில் சீற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எல்லாரும் அந்தப் படங்களை அழியுங்கோ."

யாருக்கும் விளங்கவில்லை. யாரோ சிரித்தார்கள்.

"கோட்டையிலை எடுத்த படங்கள். அந்தக் கரை தெரியிற படங்கள். எல்லாத்தையும் அழியுங்கோ" என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. சத்தம் போடவில்லை, ஆனால் பஸ் முழுக்கக் கேட்டது.

"என்னக்கா இது சின்னப்பிள்ளையள் மாதிரி" என்றார் ரூர் அண்ணை. "அது எல்லாருக்கும் பொதுவான மலைதானே?"

"பொது எண்டால் நானும் பாத்திருக்கவேணுமே, தம்பி?"

எத்தனை நாள் காத்திருந்தேன் அப்படி ஒரு வசனத்துக்கு!

"நான் பாக்காத என்ரை தம்பியின்ரை கரையை நீங்கள் ஏன் பாத்தனீங்கள்?" என்றார் அக்கா. "பாத்ததை இனி என்ன செய்யிறது. படத்தை அழியுங்கோ. அதை நீங்கள் வீட்டை கொண்டுபோகக் கூடாது."

நியாயமா என்று கேட்டால், இல்லைத்தான். அந்த மலையைப் பார்த்தது குற்றமா? இல்லை. அதைத்தான் இன்றைக்கும் பலெர்மோவில் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள், பேய் பிடித்தது என்று. இருக்கட்டும். அவ்வளவு காலமும் அந்த மனுசிக்கு நாங்கள் செய்தது நியாயமா?

அவர் ஒவ்வொரு சீற்றாக வந்தார். கையை நீட்டவில்லை, பக்கத்தில் வந்து நின்றார், அவ்வளவுதான். நின்று, அழிக்கும்வரை நின்றார். சிலர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அழித்தார்கள். சிலருக்குக் கண் கலங்கியது. ரூர் அண்ணையும் அழித்தார். மேலே ஏறின அவசரத்தில் நான் ஒரு படமும் எடுத்திருக்கவில்லை. அதைச் சொன்னேன். தலையாட்டினார்.

அத்தான் கடைசி. அவருக்கு மட்டும் இன்னும் விளங்கவில்லை. "உமக்கெண்டுதானே எடுத்தனான்" என்றார், பாவம்போலக் குரலை வைத்துக்கொண்டு. "ஒருக்கால் பாத்திட்டு அழியும்."

அக்கா போனை வாங்கினார். திரையைப் பார்க்கவில்லை. முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு போனை என் பக்கம் நீட்டினார்.

"எங்கை அமத்திறது எண்டு காட்டு, பிள்ளை."

திரையில் அந்த நீல மலை நின்றது. அக்காவின் விரலைப் பிடித்து அழிக்கிற இடத்தில் வைத்தேன். அவரே அமத்தினார்.